லா பாஸில் ஒரு நாள், தன்னந்தனியாக: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென் அமெரிக்காவில் இருக்கும் பொலிவியா போய்விட்டு வந்ததிலிருந்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதிக் கை சலித்துப்போய்விட்டது. அதனால் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை எல்லாம் ஒரே இடத்தில் போட்டுவிடுகிறேன். லா பாஸில் நான் இருந்தது மூன்று நாள். முதல் நாள் முழுக்கப் படுக்கை, மூன்றாம் நாள் விடியற்காலையில் விமானம், ஆக உருப்படியாகச் சுற்றியது நடுவில் ஒரு நாள்தான். தனியாகப் போன பெண் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஒரு நாள் போதுமா?

பார்ப்பதற்கு ஒரு நாள் போதும், ஆனால் அந்த நாளுக்கு முன்னால் சும்மா கிடப்பதற்கு இன்னொரு நாள் வேண்டும். இதைச் சொன்னால் யாரும் கேட்பதில்லை, நானும் கேட்கவில்லை.

அப்படி என்ன உயரம்? மூச்சு முட்டுமா?

நகரத்தின் நடுப்பகுதி கடல் மட்டத்திலிருந்து 3,600 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. விமானம் இறங்குவதோ அதற்கும் மேலே, எல் ஆல்ட்டோ என்ற பக்கத்து ஊரில், 4,061 மீட்டரில். நம் தொட்டபெட்டா சிகரமே 2,637 மீட்டர்தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மூச்சுக்குச் சென்னையில் கிடைக்கும் ஆக்சிஜனில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் அங்கே கிடைக்கும். அங்கே இந்தக் கோளாறுக்கு சொரோச்சே என்று பெயர்: தலைவலி, வாந்தி வருவது போன்ற உணர்வு, தூக்கம் வராமல் புரளுவது. எனக்கு மூன்றும் வந்தது.

என்ன செய்வது என்றால், முதல் நாள் எதுவும் செய்யாதீர்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள், கொஞ்சமாகச் சாப்பிடுங்கள், மதுவைத் தொடாதீர்கள். விடுதியில் இறங்கியதும் கோகா இலை போட்ட வெந்நீர் கொடுப்பார்கள், மாத்தே தே கோகா என்பார்கள், அதைக் குடித்தால் கொஞ்சம் தெம்பாகத்தான் இருக்கிறது, ஆனால் அதை மருந்து என்று நம்பிக்கொண்டு மலை ஏறிவிடாதீர்கள். உயரக் கோளாறைத் தடுக்கும் அசெட்டசோலமைடு மாத்திரை பற்றி ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் போங்கள், சல்ஃபா வகை மருந்துகள் ஒவ்வாமை இருந்தால் அதையும் அவரிடம் சொல்லுங்கள். இதயம், நுரையீரல் தொல்லை உள்ளவர்கள் டிக்கெட் போடுவதற்கு முன்பே கேட்க வேண்டும். படுத்தும் மூச்சு வாங்குகிறது, இருமல் விடவில்லை, நடை தள்ளாடுகிறது என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள், இதில் விளையாட்டே கூடாது.

அங்கே தண்ணீர் 88 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடுகிறது. குக்கர் இல்லாமல் பருப்பு வேகாத ஊர். காலில் பந்தை வைத்துக்கொண்டு ஓடுகிறவர்களுக்கும் அதே கதிதான்: 2009 ஏப்ரல் 1 அன்று மரடோனா பயிற்சியாளராக இருந்த, மெஸ்ஸி ஆடிய அர்ஜென்டினா அணி இங்கே 6-1 என்று தோற்றுப்போனது. அவர்களுக்கே அப்படி என்றால் நீங்களும் நானும் எம்மாத்திரம்.

போவதற்கு முன்னால் ஊசி ஏதாவது?

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. லா பாஸ் இருக்கும் குளிருக்கு அதைப் பரப்பும் கொசு அங்கே வராது என்றாலும், பொலிவியாவிலிருந்து திரும்பி வருகிறவர்களிடம் இந்தியாவில் இறங்கும்போது சான்றிதழ் கேட்பார்கள். பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டிருக்க வேண்டும், ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். விமானத்தில் பக்கத்து இருக்கையில் வந்தவர் அந்த மஞ்சள் அட்டையைத் தேடித் தேடிக் கண்கலங்கியதைப் பார்த்தேன், அதனால் கைப்பையிலேயே வையுங்கள்.

காலையில் எங்கே தொடங்குவது?

சான் ஃபிரான்சிஸ்கோ தேவாலயத்துச் சதுக்கத்தில். எல்லா மினிபஸ்ஸும் அந்தப் பக்கமாகத்தான் போகிறது, அதனால் வழி தவறினாலும் அங்கே வந்து சேர்ந்துவிடலாம். முதலில் கட்டிய கோயில் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பனிப் பாரம் தாங்காமல் இடிந்துவிட்டது, இப்போது இருப்பது 18-ஆம் நூற்றாண்டுக் கட்டடம். உள்ளே போவதற்கு முன்னால் வெளியே நின்று முகப்புச் சிற்பத்தை நிதானமாகப் பாருங்கள். ஐரோப்பியப் பாணியில் செய்யச் சொன்னதை உள்ளூர்க் கல்தச்சர்கள் தங்கள் ஊர்ப் பழம், பறவை, முகம் என்று செதுக்கித் தள்ளியிருக்கிறார்கள்.

அங்கிருந்து சகார்னகா தெரு மேட்டில் ஏறுகிறது. மெதுவாக ஏறுங்கள். நான் முதல் ஐம்பது அடியை ஊர் வேகத்தில் ஏறிவிட்டு ஒரு கம்பளிக் கடை வாசலில் நின்று, விலை கேட்கிற பாவனையில் மூச்சு வாங்கினேன். முதுகில் வண்ணத் துணியில் ஒரு பெரிய மூட்டையைக் கட்டிக்கொண்டு எழுபது வயதிருக்கும் ஒரு அம்மா என்னைத் தாண்டிப் போனார், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சூனியக்காரிகள் சந்தை என்கிறார்களே, நிஜமா?

பெயர் அப்படி. சகார்னகாவுக்குக் குறுக்கே போகும் லினாரெஸ் தெருவிலும் சுற்றுப்புறத்திலும் இருக்கும் கடைகள்தான் அது. நாட்டு மருந்துக் கடையும் பூஜை சாமான் கடையும் ஒன்றாகச் சேர்ந்தால் எப்படி இருக்குமோ அப்படி: மூலிகை, சாம்பிராணி போன்ற பிசின், சர்க்கரையில் செய்த வில்லைகள், அப்புறம் வாசலில் தொங்கும் காய்ந்த லாமாக் கருக்கள். இந்தக் கடைசிப் பொருளைப் பார்த்துத்தான் வெளிநாட்டுக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள். வீடு கட்டும்போது பாச்சமாமா என்கிற பூமித்தாய்க்குக் காணிக்கையாக அதை அஸ்திவாரத்தில் புதைப்பார்கள். வாஸ்து பூஜைக்குப் பூசணிக்காய் உடைத்து, நவதானியம் போட்டு அஸ்திவாரம் எடுக்கிற நமக்கு இதில் அதிர்ச்சி அடைய ஒன்றும் இல்லை. ஆகஸ்ட் மாதம் பாச்சமாமாவின் மாதம், அப்போது கடைகளில் கூட்டம் நெரியும். கடைக்காரரிடம் கேட்காமல் படம் எடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

பின்னோக்கி ஓடும் கடிகாரம் எங்கே இருக்கிறது?

பிளாசா முரில்யோவில், நாடாளுமன்றக் கட்டடத்தின் நெற்றியில். 2014-இல் மாற்றி வைத்தார்கள். முள் இடப்பக்கமாகச் சுற்றும், எண்களும் அதற்கேற்ப மாறியிருக்கும். பைத்தியக்காரத்தனம் என்று சிரிப்பவர்கள் உண்டு, ஆனால் மாற்றியவர்கள் சொல்லும் நியாயம் எனக்குப் பிடித்திருந்தது: நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே வெயிலில் ஒரு குச்சியை நட்டால் நிழல் அந்தத் திசையில்தான் நகரும், வடக்கே இருப்பவர்கள் செய்த கடிகாரத்தை நாங்கள் ஏன் பார்க்க வேண்டும் என்கிறார்கள்.

கடிகாரத்தைப் பார்த்துவிட்டு உடனே கிளம்பிவிடாதீர்கள், அந்தச் சதுக்கம் சாதாரண இடமில்லை. ஸ்பெயினுக்கு எதிராகக் கிளம்பிய முரில்யோவை 1810-இல் இங்கேதான் தூக்கிலிட்டார்கள், அவர் பெயரைத்தான் சதுக்கத்துக்கு வைத்திருக்கிறார்கள். 1875 கலவரத்தில் தீ வைக்கப்பட்ட அரண்மனையை இன்றைக்கும் எரிந்த அரண்மனை என்றே அழைக்கிறார்கள். 1946 ஜூலையில் குடியரசுத் தலைவர் வில்யரோயெலைக் கூட்டம் அரண்மனைக்குள் புகுந்து கொன்று, எதிரே இருந்த விளக்குக் கம்பத்தில் தொங்கவிட்டது. இப்போது அதே இடத்தில் பிள்ளைகள் புறாவுக்குத் தீனி போட்டுக்கொண்டிருக்கிறார்கள், பக்கத்தில் ஐஸ்கிரீம் வண்டி. பின்னால் எட்டிப் பார்க்கும் உயரமான கண்ணாடிக் கட்டடம் 2018-இல் திறந்த புது அரசு மாளிகை. எனக்கு அது பிடிக்கவில்லை, அரண்மனையின் தலையில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது.

நேரம் இருந்தால் நாலு தெரு தள்ளி ஹாயென் தெரு, கல் பாவிய குட்டித் தெரு, அதில் வரிசையாக அருங்காட்சியகங்கள். ஒன்றே ஒன்று போவதென்றால் இசைக்கருவிகள் அருங்காட்சியகம்.

லா பாஸ்தானே தலைநகரம்?

அரசு நடப்பது இங்கே. அரசியல் சாசனப்படி தலைநகரம் சுக்ரே. சுக்ரேக்காரர் யாரிடமாவது லா பாஸ்தான் தலைநகரம் என்று சொல்லிவிடாதீர்கள்.

அந்தக் கேபிள் கார் வெறும் சுற்றுலாச் சமாச்சாரமா?

இல்லவே இல்லை, அது அந்த ஊரின் மெட்ரோ. என்னைக் கேட்டால் லா பாஸில் பார்க்க வேண்டியது என்று ஒன்றே ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன், மற்றதெல்லாம் அதன் சன்னல் வழியே தெரிவதுதான்.

ஊர் ஒரு பெரிய கிண்ணம் மாதிரி. கிண்ணத்தின் விளிம்பில், சமவெளியில், எல் ஆல்ட்டோ. உள்சரிவு முழுக்கப் பூசாத செங்கல் வீடுகள். அடியில் நகரத்தின் மையம், அதற்கும் கீழே தெற்குப் பகுதி. மற்ற ஊர்களில் பணக்காரர்கள் மலைமேல் காற்றோட்டமாக வீடு கட்டுவார்கள், இங்கே தலைகீழ்: கீழே போகப் போகக் காற்று கனமாகிறது, குளிர் குறைகிறது, வீட்டு விலை ஏறுகிறது. மேலே இருப்பவர்கள் கீழே வேலைக்கு வர மினிபஸ்ஸில் நெரிசலில் மணிக்கணக்காகத் தொங்கிக்கொண்டிருந்த ஊரில் 2014-இல் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று கொடியின் மூன்று நிறத்தில் மூன்று தடங்களைத் திறந்தார்கள். கட்டியது ஆஸ்திரியாவின் டாப்பல்மயர் நிறுவனம். இப்போது பத்துத் தடங்கள், மொத்தம் 30 கிலோமீட்டர் அளவுக்கு. நிலையங்களுக்கு ஸ்பானியப் பெயரோடு, அங்குள்ள பழங்குடியினரின் ஐமாரா மொழியிலும் பெயர் உண்டு.

என் சுற்று இதுதான், அப்படியே எடுத்துக்கொள்ளலாம். பழைய ரயில் நிலையத்தில் சிவப்புத் தடத்தில் ஏறுங்கள். பத்தே நிமிடத்தில் ஏறத்தாழ 400 மீட்டர் உயரம் ஏறிவிடும். நடுவில் பொது மயானத்தின் மேலே போகிறது, குனிந்து பாருங்கள், அடுக்குமாடி வீடு போல மாடி மாடியாகக் கல்லறை மாடங்கள், ஒவ்வொன்றுக்கும் கண்ணாடிக் கதவு, உள்ளே பூ, சுவர் முழுக்கப் பெரிய பெரிய ஓவியங்கள். மேலே 16 தே ஹூலியோ நிலையத்தில் இறங்கி எல் ஆல்ட்டோவைப் பார்த்துவிட்டு, வெள்ளித் தடத்தில் விளிம்பை ஒட்டியே மிராடோர் நிலையத்துக்குப் போய், அங்கிருந்து மஞ்சள் தடத்தில் கிண்ணத்துக்குள் இறங்குங்கள். இந்த இறக்கம்தான் உச்சம். எதிரே 6,400 மீட்டருக்கு மேல் நிற்கும் இல்யிமானி பனிமலை, காலுக்கடியில் யாரோ ஒருவர் மொட்டை மாடியில் துணி காயப்போடுகிறார். மஞ்சள் முடியும் லிபெர்ட்டடோர் நிலையத்தில் பச்சைக்கு மாறி இர்பாவி வரை போனால் நீச்சல் குளம் வைத்த வீடுகள் தெரியும். ஒரு மணி நேரத்துக்கு முன் பார்த்த செங்கல் வீடுகள் கண்ணில் நிற்கும்போதே இதைப் பார்ப்பது ஒரு மாதிரியாக இருந்தது. திரும்பி வந்து வான்நீலத் தடத்தில் பிராதோ என்ற முக்கியச் சாலை வரை வந்தால் நகர மையத்துக்கே வந்துவிட்டீர்கள்.

நான் போனபோது ஒரு தடத்துக்கு அந்த ஊர்ப் பணத்தில் 3 பொலிவியானோ, தொடர்ந்து அடுத்த தடத்துக்கு மாறினால் 2. ஒரு பெட்டியில் பத்துப் பேர். ஏறும்போது உள்ளே இருப்பவர்களுக்கு வணக்கம் சொல்வது வழக்கம், புவெனோஸ் தியாஸ் என்று சொல்லிவிட்டு உட்காருங்கள். காலையிலும் மாலையிலும் வேலைக்குப் போகிற கூட்டம் வரிசையில் நிற்கும், அந்த நேரத்தில் புகைப்படக் கருவியோடு இடத்தை அடைக்க வேண்டாம்.

எல் ஆல்ட்டோ ஆபத்தான இடம் என்கிறார்களே?

கீழே இருப்பவர்கள்தான் அதிகம் சொல்கிறார்கள். இரவில் தெரியாத தெருவுக்குள் போகாதீர்கள், பகலில் நிலையத்தைச் சுற்றி இருங்கள். எட்டு லட்சம் பேருக்கு மேல் வாழும் ஊர் அது, பெரும்பாலும் ஐமாரா மக்கள். வியாழனும் ஞாயிறும் போனால் 16 தே ஹூலியோ சந்தை: பழைய துணி, டயர், கார் கதவு, கோழி, கைபேசி, ஒரு கழற்றிய விமான இருக்கையைக்கூட யாரோ வைத்திருந்தார். அந்தச் சந்தையில் பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள், கைபேசியை வெளியே எடுக்காதீர்கள்.

ஃபிரெடி மாமானி என்ற கட்டடக் கலைஞரின் வீடுகளையும் தேடிப் பாருங்கள். கொத்தனார் வேலையிலிருந்து மேலே வந்தவர். பச்சை, ஆரஞ்சு, ஊதா என்று ஐமாரா நெசவு நிறங்களை அப்படியே சுவரில் ஏற்றியிருக்கிறார். கீழ்த்தளத்தில் கடை, அதற்கு மேலே சரவிளக்கு தொங்கும் கல்யாண மண்டபம், உச்சியில் சொந்தக்காரருக்கு ஒரு வீடு. இந்த மாதிரி வீட்டைச் சோலெட் என்கிறார்கள். ரசனையற்றது என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், நம் ஊர்க் கோபுரத்துக்கு வண்ணம் அடித்திருப்பதைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது வீட்டு நினைப்பைத்தான் தந்தது.

சாப்பாடு? சைவர்கள் பட்டினியா?

பட்டினி இல்லை, ஆனால் கேட்டுக் கேட்டுச் சாப்பிட வேண்டும். சூப் எல்லாம் இறைச்சி வேகவைத்த நீரில் செய்தது, வேர்க்கடலை சூப் உட்பட. கறி வேண்டாம் என்றால் கோழி போட்டுத் தருவார்கள். சந்தையில் எம்பனாடா என்கிற சீஸ் அடைத்த பண்டம், சுட்ட சோளம், வறுத்த முட்டையோடு சோறு, பழச்சாறு என்று ஓட்டலாம். ஆப்பி என்று ஊதா நிறச் சோளத்தில் பட்டை, கிராம்பு போட்டுக் காய்ச்சிய கெட்டியான சூடு பானம் இருக்கிறது, கூடவே எண்ணெயில் பொரித்த உப்பலான பண்டம். குளிர் காலையில் அதைவிட நல்லது எதுவும் இல்லை.

அசைவம் சாப்பிடுகிறவர்கள் சால்டேன்யாவை விடக் கூடாது. பார்க்க நம் சோமாசி மாதிரி, உள்ளே இறைச்சியோடு குழம்பு. காலையில்தான் கிடைக்கும், மதியத்துக்கு மேல் தீர்ந்துவிடும். நிமிர்த்திப் பிடித்து, மேல் மூலையைக் கடித்து, முதலில் குழம்பை உறிஞ்சிவிட வேண்டும். நான் நடுவில் கடித்தேன், குழம்பு முழங்கை வரை வழிந்தது, பக்கத்து மேசைப் பாட்டி எழுந்து வந்து காகிதம் கொடுத்தார்.

காரம் இல்லையே என்று கவலை வேண்டாம். ல்யாஹ்வா கேளுங்கள். தக்காளியும் லொகோத்தோ மிளகாயும் ஒரு வாசனைத் தழையும் சேர்த்துக் கல்லில் அரைத்த சட்னி. அந்தக் கல்லுக்கு பத்தான் என்று பெயர், தட்டைக் கல், மேலே பிறை மாதிரி ஒரு கனத்த கல்லை ஆட்டி ஆட்டி அரைக்கிறார்கள். அம்மியைப் பார்த்த மாதிரியே இருந்தது, நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஸ்பானிய மொழி தெரியாமல் சமாளிக்க முடியுமா?

சமாளிக்கலாம், ஆனால் இரண்டு வார்த்தை கற்றுக்கொள்ளுங்கள். ஒன்று கசேரீத்தா. சந்தையில் விற்கிற அம்மாவை அப்படித்தான் கூப்பிட வேண்டும், அவரும் உங்களை அப்படியே கூப்பிடுவார், வாடிக்கை என்ற பாசம் அதில் இருக்கிறது. இன்னொன்று யாப்பா. அப்படியென்றால் கொசுறு, அச்சு அசலாகக் கொசுறுதான். பழச்சாறு குடித்துவிட்டு யாப்பா என்று தம்ளரை நீட்டினால் மிச்சத்தை ஊற்றுவார்கள். யப்பா என்று நம் தொனியில் சொன்னாலும் புரிந்துகொள்கிறார்கள்.

தனியாகப் போகும் பெண்ணுக்குப் பாதுகாப்பா?

பகலில் எனக்கு எந்தத் தொந்தரவும் வரவில்லை, யாரும் முறைத்துப் பார்க்கவுமில்லை. தெருவெல்லாம் பெண்கள்தான் கடை போட்டிருக்கிறார்கள், அதுவே ஒரு தைரியம். கவனிக்க வேண்டியது பணம் பறிக்கும் தந்திரங்கள். சட்டையில் எதையோ தெளித்துவிட்டுத் துடைத்துவிட வருவார்கள், அப்போது நிற்காமல் நடந்துகொண்டே இருங்கள். சீருடை இல்லாத ஒருவர் போலீஸ் என்று சொல்லிப் பாஸ்போர்ட்டைக் கேட்டால் கொடுக்காதீர்கள், அவரோடு எந்த வண்டியிலும் ஏறாதீர்கள். டாக்சியை விடுதியில் சொல்லி வரவழையுங்கள். தெருவில் ஒருமுறை நான் ஏறிய டாக்சியில் அடுத்த முனையில் இன்னொருவரை ஏற்றப் பார்த்தார் ஓட்டுநர், சட்டென்று கதவைத் திறந்து இறங்கிவிட்டேன். ஒருவேளை அது சும்மா பங்கு டாக்சியாகவே இருந்திருக்கலாம், ஆனால் நடந்தே விடுதிக்கு வந்ததில் எனக்கு வருத்தமில்லை.

சாலையைக் கடக்கும்போது வரிக்குதிரை வேடம் போட்ட இளைஞர்கள் கையைப் பிடித்து அழைத்துப்போனால் பயப்படாதீர்கள். அவர்கள் 2001-லிருந்து போக்குவரத்து ஒழுங்கு சொல்லித்தருகிற நகராட்சிப் பணியாளர்கள்.

சோலீத்தாக்களைப் படம் எடுக்கலாமா?

வட்டத் தொப்பியும் அடுக்குப் பாவாடையும் இரட்டைச் சடையுமாகப் போகும் பெண்களைச் சொல்கிறீர்கள். கேட்டுவிட்டு எடுங்கள். பலர் வேண்டாம் என்பார்கள், விட்டுவிடுங்கள். நம் பாட்டி சந்தைக்குப் போகும்போது யாராவது முகத்துக்கு நேரே கேமராவை நீட்டினால் சும்மா இருப்போமா?

பணம்?

ரூபாய் செல்லாது. கசங்காத, கிழியாத டாலர் நோட்டு கொண்டுபோங்கள், மூலை மடிந்திருந்தாலே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அரசு பல வருடமாக ஒரு டாலருக்கு ஏறத்தாழ 6.9 பொலிவியானோ என்று பிடித்து வைத்திருந்தது. 2023-லிருந்து டாலர் தட்டுப்பாடு வந்து வெளிச்சந்தை விலை வேறாகிவிட்டது. அதனால் போவதற்கு முந்தின வாரம் நிலவரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். சில்லறை முக்கியம், நூறு நோட்டை நீட்டினால் கசேரீத்தாவின் முகம் மாறிவிடும்.

நிலவுப் பள்ளத்தாக்கையும் அதே நாளில் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், பச்சைத் தடத்தில் கீழே போன கையோடு மல்யாசா பக்கம் ஒரு டாக்சி. மழையும் காற்றும் அரித்துக் கூர் கூராக நிற்கும் களிமண் தூண்கள், ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம். நான் போகவில்லை, அந்த நேரத்தை எல் ஆல்ட்டோவில் செலவழித்தேன்.

மறியலில் மாட்டிக்கொண்டால்?

மாட்டிக்கொள்ள வாய்ப்பு நிறைய. ஆசிரியர், சுரங்கத் தொழிலாளி, ஓட்டுநர் என்று யாராவது ஒருவர் பிராதோவில் ஊர்வலம் போய்க்கொண்டே இருப்பார்கள், சுரங்கத் தொழிலாளிகள் வெடி வேறு போடுவார்கள். படம் எடுக்கப் பக்கத்தில் போகாதீர்கள். சாலையை அடைத்தாலும் தலைக்கு மேலே கேபிள் கார் ஓடிக்கொண்டிருக்கும். விமான நிலையத்துக்கு மட்டும் எப்போதும் ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்புங்கள்.

எந்த மாதம் போகலாம்? என்ன உடுத்துவது?

மே முதல் அக்டோபர் வரை வானம் தெளிவு, மழையில்லை. ஜூன், ஜூலை இரவில் பூஜ்யத்தை ஒட்டிக் குளிரும், அதே நாள் மதியம் வெயில் சுள்ளென்று அடிக்கும். உயரத்தில் வெயில் சருமத்தைப் பொசுக்கிவிடும், கறுப்பாக இருக்கிறோம் நமக்கென்ன என்று நானும் நினைத்தேன், மூக்குத்தோல் உரிந்தது. சன்ஸ்கிரீன், தொப்பி, அடுக்கடுக்காகக் கழற்றிப் போடுகிற மாதிரி உடை.

கோகா இலையை ஊருக்குக் கொண்டுவரலாமா?

கூடாது. அங்கே சட்டப்படி விற்கிறார்கள், மெல்லுகிறார்கள், யாரும் தப்பாக நினைப்பதில்லை. இந்தியாவில் 1985 போதைப்பொருள் சட்டத்தில் அது தடைசெய்த பொருள், தேநீர்ப் பையில் இருப்பதும் அதே இலைதான். மிச்சமிருந்த பொட்டலத்தை விடுதி வரவேற்பறையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

இருட்டியதும் என்ன செய்வது?

மஞ்சள் தடத்தில் இன்னொரு முறை ஏறுங்கள். ஆறரை மணி வாக்கில் கிண்ணம் முழுக்க விளக்கு ஏறும், விளிம்பு எது வானம் எது என்று தெரியாது. நான் ஏறிய பெட்டியில் வேலை முடிந்து மேலே போகிற நாலு பேர், அதில் மூன்று பேர் தூங்கிவிட்டார்கள். நாலாவது ஒரு பள்ளிக்கூடப் பெண், எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டாள், இந்தியா என்றேன், அங்கே மலை இருக்கிறதா என்றாள். இருக்கிறது, இவ்வளவு உயரத்தில் ஊர் இல்லை என்று உடைந்த ஸ்பானியத்தில் சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் நிலையம் வந்துவிட்டது. லடாக்கை நான் மறந்துபோனது விடுதிக்குத் திரும்பிய பிறகுதான் ஞாபகம் வந்தது.